இட்டேரிப் பூனை

எங்க பக்கம் ராத்திரியில் நடமாடுகிற பூனை என்றால் ஊர்க்காரர்கள் மூன்று சொல்வார்கள். எலிக்காக வளர்க்கிற வீட்டுப்பூனை ஒண்ணு. கோழிக்கூடையை உருட்டுகிற காட்டுப்பூனை ஒண்ணு. பனையேறி முட்டியில் வாய் வைக்கிற மரநாய் ஒண்ணு. அது பூனை இனமே இல்லை, ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இவை போக நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள், பார்த்தது என்னவென்று தெரியாமலே. "காட்டுப்பூனைக் குட்டி ஒண்ணு குறுக்க ஓடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குட்டி இல்லைங்க, முழுசா வளர்ந்த பூனை. அதன் அளவே அவ்வளவுதான்.

தமிழில் இப்போது இதைத் துரும்பன் பூனை என்று எழுதுகிறார்கள். துரும்பு மாதிரிச் சின்னது என்று நான் புரிந்துகொள்கிறேன். உலகத்திலேயே ஆகச் சிறிய பூனை எது என்று கேட்டால் இதையும் தென்னாப்பிரிக்காவின் கருங்கால் பூனையையும்தான் சொல்வார்கள். எடை ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே, நல்ல கடுவன் என்றால் 1.6 கிலோ. சந்தையில் நீங்க பேரம் பேசி வாங்குகிற நாட்டுச்சேவல் இதைவிடக் கனமா இருக்கும். உடம்பு 35 முதல் 48 சென்டிமீட்டர், வால் அதில் பாதி. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அடையாளம் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு. முதுகிலும் விலாவிலும் துருப்பிடித்த ஆணி நிறத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரிக்கு நாலு கருங்கோடு. மூக்கை ஒட்டி இரண்டு கண்ணின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு. வாலில் புள்ளி அவ்வளவாக இருக்காது. கோழி பிடிக்க வருகிற காட்டுப்பூனைக்குக் கால் நீளம், உடம்பில் புள்ளி இல்லை, வால் நுனிப்பக்கம் வளையம் இருக்கும், எடையும் நாலைந்து மடங்கு. இரண்டையும் ஒருதரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு குழப்பமே வராது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பாக்கியம் யாருக்கு இருக்கு?

முதல் பதிவு புதுச்சேரி

இந்தப் பூனை விஞ்ஞானத்துக்குள் நுழைந்த வழி நம்ம ஊர் வழிதான். சார்லஸ் பெலாஞ்சே என்கிற பிரெஞ்சுக்காரர் 1825-ல் பாரிஸிலிருந்து கிளம்பி, காக்கசஸ், பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாகவே பாதி உலகத்தைச் சுற்றிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். போகிற வழியெல்லாம் செடிகொடி, பறவை, விலங்கு சேகரிப்பது அவர் வேலை. அந்தப் பயணத்தின் நூலில் விலங்குகளைப் பற்றி எழுதியவர் பாரிஸ் அருங்காட்சியகத்து விலங்கியலாளர் இசிடோர் ஜோஃப்ராய் செயிண்ட்-இலேர். 1831-ல், புதுச்சேரியில் கிடைத்த ஒரு பூனையை வைத்து, இது தனி இனம் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அவர் வைத்த 'ருபிஜினோசா' என்ற சொல்லுக்குத் துருநிறம் கொண்டது என்று பொருள்.

புதுச்சேரியைச் சுற்றி 1831-ல் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. பெரிய மலை இல்லை. யானை திரியும் அடர்காடு இல்லை. ஏரி, ஏரிக்கரைப் புதர், பனங்காடு, வயல், தோப்பு. அப்படிப்பட்ட இடத்துப் பூனைதான் இது.

அடுத்து வந்தவர் தாமஸ் ஜெர்டன். மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவர். நம் தென்னிந்தியப் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி அவர் அளவுக்கு நேரில் பார்த்து எழுதியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. 1867-ல் வந்த அவருடைய இந்தியப் பாலூட்டிகள் நூலில் இந்தப் பூனைக்கு இடம் உண்டு. அதில் அவர் சொல்கிற செய்திதான் எனக்கு முக்கியம். தண்ணீர் வற்றிய ஏரியின் உட்பக்கப் புல், புதர், ஊரை ஒட்டிய வெட்டவெளியின் வாய்க்கால்கள், இவைதான் இதன் இருப்பிடம் என்று எழுதிவிட்டு, இது அடர்காட்டில் வசிப்பதில்லை என்று சொல்லப்படுவதாகவும் குறிக்கிறார்.

1846-ல் ஒரு குட்டியை அவரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். வளர்த்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் அழகில் மயங்கினார்களாம். எட்டு மாதத்தில் அது இருந்த அறைக்குள் ஒரு மான்குட்டியை விட்டுப் பார்த்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து பிடரியைக் கவ்விவிட்டது, பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிட்டது. ஒரு கிலோ உடம்பு, ஆனால் புலிக் குணம். சிங்களத்தில் இதன் பெயர்களில் ஒன்று 'கொல திவியா'. திவியா என்றால் சிறுத்தை. அந்த ஊர்க்காரர்கள் இதன் குணத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

பெயர் தொலைந்த கதை

ஜெர்டன் மெட்ராஸ் பக்கத்துத் தமிழ்ப்பெயராக 'நமலி பில்லி' என்று ஒன்றைக் குறித்திருக்கிறார். பில்லி என்பது தெலுங்கில் பூனை. அந்தப் பெயரை இன்றைக்கு நான் கேட்ட ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிந்தைய ஆங்கில நூல்களில் இன்னொரு தமிழ்ப்பெயர் இருக்கிறது, 'வெரெவ புனி' என்று படிக்கிற மாதிரி. வெள்ளைக்காரர் காதில் விழுந்து திரிந்த சொல். எனக்கு அது 'வெருகுப் பூனை' என்றுதான் கேட்கிறது.

வெருகு என்பது காட்டுப்பூனைக்குச் சங்க காலத்துச் சொல். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றில், மாலை நேரத்தில் வேலிப்பக்கம் வெருகு வருவதைப் பார்த்து, வீட்டுக் கோழி பயந்துபோய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிற காட்சி வரும். கோழியைக் கலங்கடிக்கிற அந்த வெருகு பெரிய காட்டுப்பூனையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பூனை எங்கே நிற்கிறது பாருங்க. மலையில் இல்லை, வனத்தில் இல்லை. வீட்டு வேலியில் நிற்கிறது.

என் அமுச்சி இருந்தவரை பூனைகளை அளவு வைத்தே பிரித்துச் சொல்லும். சின்னதைப் பார்த்தால் கல் எடுக்க விடாது. "அது எலி தின்னுட்டுப் போவுது சாமி, உன்னையென்ன பண்ணுச்சு?" என்று கேட்கும். அமுச்சிக்கு அதற்குத் தனிப்பெயர் தெரியாது, ஆனால் அது வேறு சாதி என்று தெரிந்திருந்தது. பேர் தொலைவதற்கும் ஆள் தொலைவதற்கும் நடுவில் இப்படி ஒரு தலைமுறை இருக்கும் போல.

இட்டேரியும் கிளுவை வேலியும்

இதை வாசிக்கிற நகரத்து நண்பர்களுக்கு இட்டேரி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் இரண்டு பக்கமும் உயிர்வேலி இருக்க, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு விட்ட மண் பாதைதான் இட்டேரி. காட்டுக்குக் காடு, ஊருக்கு ஊர் இப்படித்தான் போவோம். (எங்க பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம், வனம் இல்லை.)

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடு இந்தக் கொறங்காட்டில் வளர்ந்த மாடு. கிளுவைப் போத்தை வெட்டி வரிசையாக நட்டு, அது தழைத்து, முள்ளோடு முள் பின்னி அடைய மூணு நாலு வருஷம் ஆகும். அதற்கப்புறம் தலைமுறைக்கும் நிற்கும். அடியில் பிரண்டை, கோவை, சங்கஞ்செடி, கள்ளி எல்லாம் தானாக வந்து சேரும். கீரி, ஓணான், உடும்பு, கௌதாரி, முயல், அரணை, எலி எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு.

துரும்பன் பூனை என்ன தின்கிறது? எலி, சுண்டெலி, சின்னப் பறவை, ஓணான், தவளை, பூச்சி. பகலில் எங்கே படுக்கிறது? மரப்பொந்து, பாறை இடுக்கு, அடர்ந்த புதர். எப்போது வருகிறது? இருட்டின பிறகு. ஒரு ஈத்துக்கு ஒன்றிரண்டு குட்டி, 70 நாள் சினை. இத்தனையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது எது என்று பார்த்தால் கிளுவை வேலிதான். ஜெர்டன் காலத்து ஏரி உட்புதர் எப்படியோ, அப்படித்தான் எங்க ஊருக்கு இட்டேரி. வேலி பக்கத்து வேலியோடு சேரும், அது இட்டேரியோடு சேரும், இட்டேரி கரட்டோடு சேரும். மைல் கணக்கில் தரை மிதிக்காமல், வெளிச்சம் படாமல் ஒரு சின்னப் பூனை போக முடியும். யாரும் அதற்கென்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆடு வெளியே போகக்கூடாது, பக்கத்துக்காட்டு மாடு உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான் எங்க அப்பாரு யோசித்தது.

கமலை போய் ஆழ்குழாய் வந்தது. மேய்ச்சல் காடு தென்னந்தோப்பு ஆனது. இட்டேரி தார் ரோடானது, அகலப்படுத்த இரண்டு பக்க வேலியும் போனது. மிச்ச வேலியை ஜேசிபி ஒரே நாளில் பிடுங்கிப் போடும். பங்கு பிரிக்கிறபோது முதலில் போவதும் வேலிதான், ஏனென்றால் உயிர்வேலி பொழியில் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து அடி இடம் பிடிக்கும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அரை அடி போதும். கம்பி வேலிக்கு நிழல் இல்லை, வேர் இல்லை, அடியில் எலி கூடத் தங்காது.

சட்டத்தில் புலிக்குச் சமம்

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் துரும்பன் பூனை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பன்னாட்டு வணிக ஒப்பந்தத்திலும் இந்தியப் பூனைகளுக்கு முதல் பட்டியல், இலங்கைப் பூனைகளுக்கு இரண்டாவது பட்டியல். காகிதத்தில் குறையே இல்லை.

ஆனால் புலியைக் காப்பாற்றிய வழி இதற்குப் பொருந்தாது. புலிக்குக் காப்பகம் அமைத்து, எல்லை போட்டு, காவல் வைக்கலாம். இந்தப் பூனை எல்லைக்கு உள்ளேயும் இருக்கிறது, வெளியே என் காட்டிலும் இருக்கிறது. என் காட்டுக்கு வனக்காவலர் வரப்போவதில்லை.

ரொம்ப நாள் இது தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டும் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு குஜராத், மகாராஷ்டிரம் என்று தெரியவந்தது. ராத்திரியில் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களைக் காட்டில் கட்ட ஆரம்பித்த பிறகு வரைபடமே மாறியது. 2012-ல் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் காட்டில் படம் கிடைத்தது. 2016-ல் நேபாளத்தின் பர்டியா தேசியப் பூங்காவில் கிடைத்தது. இலங்கையிலோ 2000 மீட்டருக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியின் மேகக்காட்டில் கூட இருக்கிறது. நம்ம ஊரில் ஈரக்காடு சிறுத்தைப்பூனையின் இடம். அந்தப் பூனை இலங்கையில் இல்லாததால் இது அங்கே ஈரக்காட்டையும் பிடித்துக்கொண்டது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பங்காளி இல்லாத ஊரில் நிலம் முழுக்க ஒருத்தனுக்கே என்பது மாதிரி.

இந்தப் புதிய பதிவுகளை வைத்து, 2002-ல் 'அழிய வாய்ப்புள்ளது' என்று வைத்திருந்த இனத்தை 2016-ல் உலகச் செம்பட்டியல் ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்று வைத்தது. நல்ல செய்திதான். ஆனால் இது பூனை பெருகியதால் வந்த மாற்றம் இல்லை. தேடியதால் வந்த மாற்றம். வாழிடம் குறைவது நிற்கவில்லை.

வெளிநாட்டிலும் வளர்க்கிறார்கள். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் விலங்குக்காட்சி சாலை இனப்பெருக்கத் திட்டம் நடத்தியது. 2010-ல் கொழும்பில் 11, ஐரோப்பாவில் 45, மொத்தம் 56 பூனைகள் இருந்தன. எல்லாம் இலங்கை வகை. கூண்டுப் பூனையால் நமக்கு ஈத்து, சினை, குட்டிக் கணக்கு தெரிந்தது. அதை விடுவதற்கு வேலி வேண்டுமே, அதைக் கூண்டு தராது.

கரும்புக்காட்டுப் பாடம்

நமக்கு உபயோகமான பாடம் மேற்கு மகாராஷ்டிரத்தில் கிடைத்தது. அங்கே மனிதர்கள் நெருக்கமாக வாழ்கிற விவசாயப் பூமியில், கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே இந்தப் பூனை குட்டி போட்டு வாழ்வதை ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் எழுதினார்கள். எலி நிறைய, மறைவு நிறைய, வேறென்ன வேண்டும்? ஜெர்டன் சொன்னதற்கு இது இன்றைக்குச் சாட்சி.

அங்கே கரும்பு வெட்டுகிறபோது குட்டிகள் அகப்படும். புள்ளி இருப்பதால் சிறுத்தைக் குட்டி என்று ஊரே கூடிவிடும். இரக்கத்தில் சிலர் வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பால் வைப்பார்கள். அங்கே வனத்துறையும் மீட்பு அமைப்புகளும் ஒரு முறையைப் பழக்கிவிட்டார்கள்: குட்டியை எடுத்த அதே இடத்தில் சாயங்காலம் பெட்டியில் வைத்துவிட்டு, ஆட்கள் எல்லோரும் விலகிவிடுவது. ராத்திரி தாய் வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிப்போய்விடும். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்று நாம் நம்புகிறோமே, அது தப்பு.

எங்க ஊரில் போன தை மாசம் கரும்பு வெட்டில் இப்படி இரண்டு குட்டி கிடைத்தது. கண் திறந்திருந்தது, கைக்குள் அடங்குகிற அளவு. வெட்டுக்கு வந்த அண்ணன் ஒருத்தர், "மதுரைல கொண்டுபோய்க் குடுத்தா காசுங்க" என்றார். நான் கரும்புக்காட்டுக்காரச் சித்தப்பாவிடம், "ஒரு ராத்திரி மட்டும் அந்த மூலையை வெட்டாம விடுங்க சித்தப்பா" என்று கேட்டேன். "மில் வண்டி காலைல வந்துரும்டா" என்று கொஞ்சம் முனகினார். அப்புறம் நாலு வரிசையை விட்டுவிட்டார். நாய்களைக் கட்டச் சொன்னோம். காலையில் பெட்டி காலி. கீரியோ நரியோ தூக்கியிருக்கக் கூடாதா என்று கேட்பீங்க. ரத்தம் இல்லை, மயிர் இல்லை, பக்கத்து ஈரமண்ணில் காசு அளவுக் காலடி இருந்தது. எனக்கு அது போதும்.

எது கொல்கிறது

வேட்டை இன்று பெரிய காரணம் இல்லை. முதல் எதிரி ரோடு. இருட்டில் வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிடும். வண்டி ஓட்டுகிறவருக்கு ஏதோ எலி மாதிரித் தெரியும். நான் கடைசியாகப் பார்த்த துரும்பன் பூனை ரோட்டோரம் கிடந்ததுதான்.

அடுத்தது எலி மருந்து. புரோமாடியோலோன் மாதிரி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பதுதான் பூனைக்குச் சுலபம். ஒரு கிலோப் பூனைக்கு அப்படி நாலு எலி என்ன செய்யும் என்று கணக்குப் போடத் தேவையில்லை. தென்னைக்கு மருந்து வைக்காமல் மரத்தில் தகரம் கட்டலாம், வயலில் கிட்டி வைக்கலாம், ஆந்தை உட்காரக் குச்சி நடலாம். வேலை கொஞ்சம் கூடத்தான்.

மூன்றாவது நாய். விடுமுறைக்கு மட்டும் ஆள் வருகிற பண்ணை வீடுகள் பெருகியிருக்கின்றன. காவலுக்கு நாலு நாய், ராத்திரியெல்லாம் அவிழ்த்துவிட்டபடி. நான்காவது வீட்டுப்பூனை. நோயைத் தருவதோடு, அதனோடு கலந்து குட்டி போடும் ஆபத்தும் இருக்கிறது. தோட்டத்தில் பூனை வளர்த்தால் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளருங்க.

இந்த வருஷம் எங்க குடும்பத்தில் பங்கு பிரிந்தது. கிழக்குப் பொழி பங்காளிக்கும் எனக்கும் பொது. கிளுவையை எடுத்துக் கம்பி போடலாம் என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: வருஷா வருஷம் வேலி கழிக்க ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுபடியாகவில்லை, அவருக்கு விழுந்த நிலமோ இரண்டே ஏக்கர், அதில் நாலடி போவது அவருக்குப் பெரிசு. ரெண்டு மாசம் பேசினோம். கடைசியில் கிழக்கே கம்பி வேலி, மேற்கே இட்டேரியை ஒட்டிய கிளுவை அப்படியே இருக்கும், அதைக் கழிக்கிற கூலி முழுக்க என் செலவு என்று முடிவானது. பாதி வேலி போச்சு. பாதி நிற்கிறது.

உங்களில் சிலர் ஊர்ப்பக்கம் நிலம் வாங்குகிறீர்கள், எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். வாங்கியதும் முதல் வேலையாக ஜேசிபியை வரச்சொல்லி 'சுத்தம்' செய்யாதீங்க. புதர் என்று நீங்க நினைப்பது ஒருவேளை அறுபது வருஷத்து வேலி. சுற்றிலும் கம்பி போட்டே ஆக வேண்டும் என்றால் அதை ஒட்டி உள்பக்கம் கிளுவைப் போத்து நடுங்க, ஆடி மழைக்கு முன்னால் நட்டால் பிடித்துக்கொள்ளும். கம்பியின் அடியில் அங்கங்கே ஒரு சாண் இடைவெளி விடுங்க. புள்ளிக்குட்டி எதையாவது பார்த்தால் தூக்காதீங்க, படம் எடுத்துப் போட்டு இடத்தைச் சொல்லாதீங்க. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ராத்திரி ஒன்றைத் தாய்க்கு விட்டுவிடுங்க.

போத்து வேண்டுமென்றால் சித்திரை கடைசியில் வேலி கழிக்கிறபோது சொல்கிறேன். வண்டி கொண்டுவந்தால் போதும், காசு வேண்டாம்.